டூம் என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் அதன் சொந்தங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூம் என்று ஆங்கிலத்தில் யார் சொன்னாலும் இன்று நம் காதில் அழிவு, கேடு, மீட்சியில்லாத முடிவு என்றுதான் விழுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இதே சொல் சட்டத்தைக் குறித்தது, தீர்ப்பைக் குறித்தது, ஒருவருடைய நல்ல பெயரைக்கூடக் குறித்தது. பழைய ஆங்கில நூல்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுவதை அடிக்கடிப் பார்க்கிறேன். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

பழைய ஆங்கிலத்தில் இது டோம் என்று ஒலித்தது. ஓகாரம் நன்றாக நீளும். அடிப்படைப் பொருள் தீர்ப்பு. அரசன் ஒரு வழக்கைக் கேட்டு முடிவு சொன்னால் அது டோம். அந்த முடிவு அடுத்த வழக்குகளுக்கும் பொருந்தும் நெறியாக நிலைத்துவிட்டால் அதுவும் டோம், அதாவது சட்டம். ஒருவர் தன் மனத்தில் ஒரு விஷயத்தை எடைபோட்டு அடையும் கருத்தும் டோம்தான்.

இன்னும் பின்னால் போனால், ஆங்கிலமும் கிரேக்கமும் வடமொழியும் அடங்கிய இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய வேர்களில் ஒன்றுக்கு வந்து சேருவோம். வை, இடு, நிறுவு என்பது அந்த வேரின் பொருள். ஆங்கிலத்தில் 'செய்' என்பதற்கான டூ என்ற வினையும், 'செயல்' என்பதற்கான டீட் என்ற பெயர்ச்சொல்லும் அதே வேரிலிருந்து வந்தவை. ஆகவே டோம் என்றால் 'வைக்கப்பட்டது', 'நிறுவப்பட்டது'. மக்கள் நடுவில், எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்ட ஒழுங்கு. கிரேக்கர்கள் நீதி ஒழுங்கின் தெய்வமாகக் கண்ட தெமிஸின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான்.

தமிழில் நாம் சொல்லும் 'விதி'க்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. எனக்கு இந்தச் சொல்லின் மேல் பிடிப்பு வந்ததே இந்த உறவினால்தான்.

மேலே சொன்ன பழைய வேர் வடமொழியில் 'தா' என்ற வினையாக இருக்கிறது. 'கொடு' என்று பொருள்படும் 'தா' வேறு. இது 'வை, இடு' என்ற பொருள் உடையது. அதன் முன்னால் 'வி' சேர்ந்து உருவான சொல்தான் விதி. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்து நம் சொல்லாகவே ஆகிவிட்டது. இப்போது அதன் பொருள்களைப் பாருங்கள். போக்குவரத்து விதி என்றால் சட்டம். நீதிபதி தண்டனை விதித்தார் என்றால் தீர்ப்பு. தலைவிதி என்றால் தப்ப முடியாத முடிவு. டூம் என்ற சொல்லின் மூன்று பெரிய பொருள்களும் அதே வரிசையில் இங்கே நிற்கின்றன. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒன்றையொன்று பாராமலேயே ஒரே வேரின் இரு கிளைகள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

வேறு சில உறவுகளும் நம் வாயில் தினமும் புழங்குகின்றன. நிதி என்பது கீழே வைக்கப்பட்டது, சேமித்து வைத்தது. சந்தி என்பது சேர்த்து வைத்தது. சமாதி, சிரத்தை, பிரதானம் ஆகியவற்றிலும் அதே 'தா' இருக்கிறது. எல்லாவற்றையும்விட நெருக்கமானது பரந்தாமன் என்ற பெயருக்குள் இருக்கும் 'தாமன்'. வேதங்களில் இந்தச் சொல் இருப்பிடத்தையும் குறிக்கும், தேவர்கள் நிறுவிய கட்டளையையும் குறிக்கும். டோம் என்பதற்கு இதைவிட நெருங்கிய வடமொழி உறவு கிடைப்பது அரிது.

ஒரு எச்சரிக்கை. தமிழ் இந்தோ ஐரோப்பிய மொழி அல்ல. இந்த உறவு வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொற்கள் வழியாக வருவது மட்டுமே. தமிழின் சொந்தச் சொல் ஊழ். அதற்கும் முறைமை என்ற பொருள் உண்டு, வினைப்பயன் என்ற பொருளும் உண்டு. வேரில் எந்தத் தொடர்பும் இல்லாத சொல்லிலும் ஒழுங்கும் முடிவும் இப்படிச் சேர்ந்தே இருக்கின்றன.

பழைய ஆங்கிலேயர்கள் சட்டத்தை டோம் என்று அழைத்ததற்கு என்ன சான்று?

ஆங்கில மொழியில் எழுதப்பட்டவற்றுள் மிகப் பழையது என்று கருதப்படுவதே ஒரு சட்டத் தொகுப்புதான். தென்கிழக்கு இங்கிலாந்தில் இருந்த கென்ட் நாட்டு அரசன் ஈத்தல்பெர்ட், கி.பி. 600ஐ ஒட்டி வகுத்தது அது. நமக்குக் கிடைத்திருப்பது 1120களில் ராச்செஸ்டர் தேவாலயத்தில் படியெடுத்த பிரதி. 'அகஸ்டின் காலத்தில் ஈத்தல்பெர்ட் அரசன் வைத்த டோம்கள் இவை' என்று அதன் தலைப்பு தொடங்குகிறது. அகஸ்டின் என்பவர் அங்கே கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த துறவி. வைத்தான் என்ற வினையையும் கவனியுங்கள்.

உள்ளே இருப்பவை பெரும்பாலும் இழப்பீட்டுக் கணக்குகள். கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங், கட்டைவிரல் நகம் போனால் 3 ஷில்லிங். முன்பற்கள் நான்கில் ஒவ்வொன்றுக்கும் 6 ஷில்லிங். கண்ணோ பாதமோ போனால் 50. படிக்கும்போது கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பட்டியலின் நோக்கம் பழிக்குப் பழியைத் தடுப்பது. காயம்பட்டவனின் உறவினர்கள் வாளை எடுக்காமல் காசை வாங்கிக்கொண்டு போக வேண்டுமென்றால், எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்படி முன்கூட்டியே வைக்கப்பட்டதுதான் டோம்.

அடுத்து, தென் இங்கிலாந்தின் வெஸெக்ஸ் நாட்டை 871 முதல் 899 வரை ஆண்ட அரசர் ஆல்ஃபிரெட். அவருடைய சட்டத் தொகுப்பு 120 பிரிவுகள் கொண்டது. அதற்கு முன்னுரையாகப் பைபிளின் பத்துக் கட்டளைகளையும் அவற்றை அடுத்து வரும் சட்டங்களையும் பழைய ஆங்கிலத்தில் எழுதச் செய்தார். அதில் ஒரு கட்டளை என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். மிகச் சமமாகத் தீர்ப்பளி. பணக்காரனுக்கு ஒரு டோம், ஏழைக்கு வேறொரு டோம் என்று வைக்காதே. உனக்கு வேண்டியவனுக்கு ஒன்று, வேண்டாதவனுக்கு ஒன்று என்றும் வைக்காதே. இன்னும் சற்றுத் தள்ளி, தனக்கு எந்தத் தீர்ப்பை விரும்பமாட்டானோ அதை ஒருவன் மற்றவனுக்கு வழங்காமல் இருந்தால் போதும், அவனுக்கு வேறு டோம் புத்தகமே தேவையில்லை என்று வருகிறது. டோம் புத்தகம் என்றால் சட்டப் புத்தகம். இன்றைய காதுக்கு அது மந்திரவாதியின் நூல் போலக் கேட்கும்.

அதே ஆல்ஃபிரெட், தவறாகத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளை அழைத்து, ஒன்று படித்து அறிவைத் தேடுங்கள், இல்லையென்றால் பதவியை விட்டு விலகுங்கள் என்று சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதிய ஆஸர் பதிவுசெய்திருக்கிறார். வயதான அதிகாரிகள் பலர் அதன்பிறகு எழுத்துப் படிக்க உட்கார்ந்தார்களாம்.

சட்டம், தீர்ப்பு தவிர வேறு பொருள்களும் இருந்தனவா?

இருந்தன. கவிதையில்தான் இந்தச் சொல் முழு விரிவையும் காட்டுகிறது.

பேவுல்ஃப் என்ற நெடுங்கவிதையில் நாயகன் அரசனைத் தேற்றும் இடம் ஒன்று உண்டு. நம் எல்லோருக்கும் வாழ்வின் முடிவு ஒருநாள் வரத்தான் போகிறது. முடிந்தவன் சாவதற்கு முன் டோமை ஈட்டிக்கொள்ளட்டும் என்கிறான். இங்கே டோம் என்றால் புகழ். ஏன் புகழ்? ஒருவன் இறந்த பிறகு ஊரார் அவனைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பே அவனுடைய புகழ் என்பதால். புகழ்வேட்கை உள்ளவனுக்கு 'டோம் நாடுபவன்' என்ற கூட்டுச்சொல்லே இருந்தது. இன்றைய பொருளில் படித்தால் அழிவை நாடுபவன் என்று தலைகீழாகிவிடும்.

இன்னொரு பொருள், தன் விருப்பம், தன் அதிகாரம். 991இல் எஸெக்ஸ் கரையில் மால்டன் என்ற இடத்தில் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையரோடு நடந்த போரைப் பாடும் கவிதையில், அவர்களுடைய தூதன் கப்பம் கேட்கிறான். கடலோடிகள் தங்கள் சொந்த டோம்படி கேட்கும் பணத்தைக் கொடுத்துச் சமாதானத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். எவ்வளவு என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள் என்று அர்த்தம். ஆங்கிலேயத் தலைவன் பிரித்நோத் மறுத்தான், போரில் இறந்தான்.

சில இடங்களில் எந்தப் பொருள் என்று அறிஞர்களாலேயே அறுதியிட முடிவதில்லை. பேவுல்ஃப் இறக்கும்போது அவனுடைய உயிர் 'நேர்மையாளர்களின் டோமை'த் தேடிப் போனது என்கிறது கவிதை. நேர்மையாளர்களுக்குக் கிடைக்கும் இறைத் தீர்ப்பா? நேர்மையாளர்கள் அவனைப் பற்றிச் சொல்லப்போகும் நல்ல சொல்லா? கவிஞர் கிறிஸ்தவர், நாயகன் கிறிஸ்தவத்துக்கு முந்தைய உலகத்தவன். இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கட்டும் என்று கவிஞர் விட்டிருப்பதாகவே நான் படிக்கிறேன்.

'கருது' என்ற பொருள் தரும் டீம் என்ற வினை இதன் உறவா?

ஆமாம், அது இதன் நேரடி வினை. விளையாட்டு அணியைக் குறிக்கும் டீம் வேறு. எழுத்தும் வேறு, முதல் ஒலியும் வேறு. அலுவலகக் கடிதங்களில் 'அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படும்' என்று வருமே, அந்தக் கருதுதலுக்கு ஆங்கிலத்தில் நிற்கும் சொல் இது. பழைய ஆங்கிலத்தில் தீர்ப்பளி என்று பொருள்.

ஓகாரம் ஈகாரமானது எப்படி என்று கேட்பார்கள். மிகப் பழைய காலத்தில் அந்த வினையின் பின்னொட்டில் யகரம் போன்ற ஓர் ஒலி இருந்தது. அது முந்தைய உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றிவிட்டது. உணவுக்கு ஃபூட், ஊட்டுவதற்கு ஃபீட் என்பதிலும், பல்லுக்கு டூத், பற்களுக்கு டீத் என்பதிலும் நடந்தது இதுவே. டூம், டீம் ஜோடியும் அந்த வரிசையில் சேரும்.

பழைய ஆங்கில இலக்கியத்தில் பீட் என்ற துறவி 735இல் மரணப்படுக்கையில் சொன்னதாக ஐந்தே வரிகளில் ஒரு பாட்டு உண்டு. இங்கிருந்து புறப்படும் முன், தன் உயிர் செய்த நன்மை தீமைகள் மரண நாளுக்குப் பின் எப்படித் தீர்க்கப்படும் என்று எண்ணிப் பார்ப்பதைவிடப் பெரிய அறிவு ஒருவனுக்குத் தேவையில்லை என்கிறது. அங்கே 'தீர்க்கப்படும்' என்பதற்கு நிற்பது இந்த வினைதான்.

இந்தச் சொல் பழைய பொருளில் இன்றும் எங்காவது வாழ்கிறதா?

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவில் வாழ்கிறது. அங்கே உயர் நீதிமன்ற நீதிபதிகளின் பதவிப்பெயர் டீம்ஸ்டர். பதவியேற்கும்போது அவர்கள் எடுக்கும் உறுதிமொழி அழகானது. மன்னருக்கும் குடிகளுக்கும் நடுவிலும், ஒரு தரப்புக்கும் மறு தரப்புக்கும் நடுவிலும், ஹெர்ரிங் மீனின் முதுகெலும்பு மீனின் நடுவே எப்படி இருக்கிறதோ அப்படிப் பக்கம் சாயாமல் நீதி வழங்குவேன் என்று சொல்கிறார்கள். மீன்பிடித்து வாழ்ந்த தீவு என்பதால் நடுநிலைக்கு அந்த உவமை வந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் நீதிமன்றத் தீர்ப்பை உரத்து அறிவிக்க டெம்ப்ஸ்டர் என்ற அலுவலர் முன்பு இருந்தார். அந்தப் பதவி போய்விட்டது, குடும்பப் பெயராக மட்டும் நிற்கிறது. ஸ்காட்லாந்து நீதிபதிகள் மரண தண்டனை விதித்து முடிக்கும்போது 'இது டூமாக அறிவிக்கப்படுகிறது' என்று சொல்லும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. சட்டப்படி அங்கே டூம் என்றால் தீர்ப்புதான். கூண்டில் நின்றவருக்குத் தீர்ப்பும் அழிவும் ஒன்றாகவே கேட்டிருக்கும்.

ஃப்ரீடம், விஸ்டம், கிங்டம் ஆகியவற்றின் கடைசியில் வருவது இதே சொல்லா?

அதே சொல்தான். சுதந்திரத்துக்கும் ஞானத்துக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களுக்குள் டூம் உட்கார்ந்திருக்கிறது என்பது கேட்பவர்களை எப்போதும் வியக்கவைக்கிறது.

டோம் என்பதற்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம், அந்த அதிகாரம் செல்லும் எல்லை, அதனால் அமைந்த நிலை என்ற பொருள்களும் வளர்ந்தன. அரசனின் டோம் எங்கெல்லாம் செல்லுமோ அது கிங்டம். சுதந்திரனின் நிலை ஃப்ரீடம். அறிவாளியின் தீர்ப்பும் அறிவுடைமையும் விஸ்டம். கிறிஸ்தவ உலகைக் குறிக்கும் சொல்லும் அப்படியே. கூட்டுச்சொல்லின் பின்பாதியில் அழுத்தம் குறைந்ததால் ஓகாரம் தேய்ந்து 'டம்' என்று ஒலிக்கிறது. தனியாக நின்ற சொல் நெடிலோடு நின்றது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது அந்த ஓகாரம் ஊகாரமாகி டூம் ஆயிற்று. ஒரே வீட்டில் பிறந்த இரண்டும் இப்படி அடையாளம் தெரியாமல் பிரிந்துபோயின.

பின்னொட்டு இன்னும் புதிய சொற்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறது. சலிப்பைக் குறிக்கும் போர்டம், நட்சத்திர அந்தஸ்தைக் குறிக்கும் ஸ்டார்டம், ரசிகர் கூட்டத்தைக் குறிக்கும் ஃபேண்டம் எல்லாம் பிற்காலத்துப் பிள்ளைகள். ஜெர்மனில் இதே பின்னொட்டு 'டூம்' என்று டகரம் வலுத்து ஒலிக்கும். செல்வத்துக்கு ரைஷ்டூம், பிழைக்கு இர்டூம்.

டூம்ஸ்டே புத்தகம் என்பது உலக அழிவைப் பற்றியதா?

இல்லை. அது நிலக் கணக்கு. நார்மண்டியிலிருந்து வந்து 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம், 1085 கிறிஸ்துமஸின்போது க்ளாஸ்டரில் அவை கூட்டி, நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை கலப்பை, எத்தனை ஆலை, எவ்வளவு மதிப்பு என்று எழுதிவரும்படி உத்தரவிட்டார். அடுத்த ஆண்டே 13,000க்கு மேற்பட்ட ஊர்களின் விவரம் சேர்ந்தது. ஒரு மாடு, ஒரு பன்றி விடாமல் எழுதினார்கள் என்று ஆங்கில வரலாற்றுக் குறிப்பு கசப்போடு சொல்கிறது. லண்டனும் வின்செஸ்டரும் வடக்கின் சில பகுதிகளும் அதில் இல்லை. மொழி லத்தீன். இன்று லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

டூம்ஸ்டே என்ற பெயரை அரசு வைக்கவில்லை, மக்கள் வைத்தார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து அரசுக் கருவூலத் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதற்கு விளக்கம் எழுதினார். இறுதித் தீர்ப்பு நாளின் முடிவை எப்படித் தட்டிக்கழிக்க முடியாதோ, அதுபோல இந்தப் புத்தகத்தில் உள்ளதை எதிர்த்து வழக்காட முடியாது என்பதால் மண்ணின் மக்கள் இதை அப்படி அழைக்கிறார்கள் என்றார். தோற்றுப்போன மக்கள் தங்கள் சொந்தச் சொல்லால் வென்றவரின் ஏட்டுக்கு இட்ட பெயர் அது.

சரி, இந்த நல்ல சொல் எப்படி அழிவைக் குறிக்கத் தொடங்கியது?

இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன.

1066இல் பிரெஞ்சு பேசும் நார்மண்டிக்காரர்கள் வென்றபின் நீதிமன்றத்தின் மொழி மாறியது. நீதிபதி, தீர்ப்பு, நீதி, ஜூரி, நீதிமன்றம், தண்டனை ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் இன்று உள்ள ஜட்ஜ், ஜட்ஜ்மென்ட், ஜஸ்டிஸ், ஜூரி, கோர்ட், சென்டன்ஸ் எல்லாம் பிரெஞ்சு வழியாக வந்தவை. நாற்காலியில் இருந்தவர்கள் தங்கள் மொழியில் தீர்ப்புச் சொன்னார்கள். டோம் உடனே சாகவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூட ஆங்கிலக் கவிஞர் சாஸரின் பாத்திரம் ஒன்று 'என் டோமில், பேச்சுத்திறத்தில் உனக்கு நிகர் இங்கே யாருமில்லை' என்று சாதாரணமாகச் சொல்கிறது. என் கருத்தில் என்று பொருள். அதே காலத்தில் விக்ளிஃப் என்ற சமயச் சீர்திருத்தவாதியின் வட்டத்தினர் மொழிபெயர்த்த பைபிளில், மற்றவர்களைத் தீர்க்காதீர்கள், நீங்கள் எந்த அளவில் தீர்க்கிறீர்களோ அந்த அளவிலேயே தீர்க்கப்படுவீர்கள் என்ற வசனம் முழுக்க டூம், டீம் சொற்களால் ஆனது. 1611இல் ஜேம்ஸ் அரசர் காலத்து மொழிபெயர்ப்பில் அதே வசனம் முழுக்க ஜட்ஜ், ஜட்ஜ்மென்ட் ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 220 ஆண்டுகள்.

அன்றாட நீதிமன்றத்தை இழந்த சொல்லுக்கு மிஞ்சியது ஒரே ஒரு பெரிய நீதிமன்றம், கடவுளுடையது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் நியாயத்தீர்ப்பு நாள் என்று சொல்வதைத்தான் ஆங்கிலேயர் டூம்ஸ்டே என்றார்கள். தேவாலயங்களில் மக்கள் பார்வைக்கு நேர் எதிரே, வளைவின் மேல், இந்தக் காட்சியை வரைவார்கள். கிறிஸ்து நடுவில், ஒரு பக்கம் சொர்க்கம் ஏறுபவர்கள், மறுபக்கம் நரகத்தின் வாய்க்குள் தள்ளப்படுபவர்கள். இந்த ஓவியத்துக்கே டூம் என்றுதான் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் வாரந்தோறும் நிமிர்ந்து பார்த்த படம் அது. தீர்ப்பில் இரண்டு பக்கங்கள் இருந்தாலும் கண்ணில் ஒட்டிக்கொள்வது நெருப்புப் பக்கம்தான். சொல் கறுத்துப்போனதற்கு நீதிமன்ற மொழி மாறியதைவிட இந்தச் சுவர்களே பெரிய காரணம் என்பது என் எண்ணம். சட்டச் சொல்லாக மட்டும் தோற்றிருந்தால் அது மறைந்துபோயிருக்கும், பயங்கரமாகியிருக்காது.

அந்த ஓவியங்களில் பலவற்றை 16ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். சஃபோக் மாவட்டத்தின் வென்ஹாஸ்டன் தேவாலயத்தில் அப்படி மறைக்கப்பட்ட பழைய பலகைகளை 1892இல் பழுதுபார்ப்பின்போது வெளியே போட்டார்கள். மழை பெய்து சுண்ணாம்பு கரைந்ததும் உள்ளே இருந்த டூம் ஓவியம் வெளிப்பட்டது. இன்றும் அதே தேவாலயத்தில் பார்க்கலாம்.

இடைப்பட்ட நிலையைக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் ஓர் இடம் போதும். கொலை செய்துவிட்டு ஒளிந்திருக்கும் ரோமியோ, 'இளவரசரின் டூம் என்ன?' என்று பாதிரியாரிடம் கேட்கிறான். தீர்ப்பு என்ன என்பதே கேள்வி. சற்றுப் பின், 'டூம்ஸ்டேயைவிடக் குறைவாகவா அவருடைய டூம் இருக்கும்?' என்கிறான். இங்கே தீர்ப்பும் சாவும் கலந்துவிட்டன. பாதிரியார் பதில் சொல்லும்போது ஜட்ஜ்மென்ட் என்ற பிரெஞ்சுவழிச் சொல்லை எடுக்கிறார்: அதைவிட மென்மையான தீர்ப்பு, மரணம் இல்லை, நாடுகடத்தல். பயந்தவன் வாயில் பழைய சொல்லும் ஆறுதல் சொல்பவர் வாயில் புதிய சொல்லும் வந்திருப்பதைப் பாருங்கள்.

மற்ற ஐரோப்பிய மொழிகளில் என்ன ஆயிற்று?

அங்கே சொல் கறுக்கவில்லை. ஸ்வீடிஷ் மொழியில் நீதிமன்றத் தீர்ப்பு இன்றும் டோம்தான், நீதிபதி டோமாரே. கால்பந்து மைதானத்தில் விசில் ஊதும் நடுவரும் டோமாரே. நார்வேயில் டோம்மர், ஐஸ்லாந்தில் டோமாரி. நீதிமன்ற மொழி அங்கெல்லாம் இந்தச் சொல் இல்லாத வேற்று மொழிக்கு மாறவில்லை என்பதால் சொல்லும் தன் இடத்திலேயே இருந்துகொண்டது. டச்சு மொழியில் மட்டும் இதன் வினை, சாபமிடு, தண்டனைக்கு உள்ளாக்கு என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது.

வேற்றுக் குடும்பத்து மொழியான ஃபின்னிஷ் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியது. தீர்ப்புக்கு துவோமியோ, நீதிபதிக்கு துவோமாரி.

டொமைன், குவிமாடம் என்ற பொருளுள்ள டோம், டாம்ன் போன்ற ஆங்கிலச் சொற்களும் இதன் உறவுகளா?

இல்லை. ஒலியை வைத்து ஏமாற நிறைய இடம் உண்டு. டொமைன், டொமெஸ்டிக், டாமினேட், குவிமாடத்தைக் குறிக்கும் டோம் ஆகியவை வீடு, வீட்டுத்தலைவன் என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தவை. சபிப்பதற்கான டாம்ன், கண்டிப்பதற்கான கண்டெம்ன் இரண்டும் நஷ்டம், அபராதம் என்ற பொருளுடைய இன்னொரு லத்தீன் சொல்லின் பிள்ளைகள். பொருளில் பக்கத்தில் இருந்தாலும் பிறப்பு வேறு. ரேண்டம் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'அரிதாக' என்று பொருள்படும் செல்டம் என்பதன் கடைசியில் உள்ள 'அம்' பழைய வேற்றுமை உருபு.

கொலோன் நகரின் புகழ்பெற்ற பேராலயத்தை ஜெர்மானியர் டோம் என்று அழைப்பதும் லத்தீன் வீட்டிலிருந்து வந்த சொல்லே. ஸ்வீடிஷ் மொழியில் பேராலயத்துக்கான சொல்லின் முன்பாதியும் அதுதான். ஃபின்னிஷ்காரர்கள் அதை எடுத்துக்கொண்டபோது தீர்ப்பைக் குறிக்கும் டோம் என்று புரிந்துகொண்டார்கள். ஆகவே ஹெல்சின்கியின் வெள்ளைப் பேராலயத்தின் பெயரில் இன்றும் 'தீர்ப்பு' இருக்கிறது. அந்த மொழியில் பேராலயத்துக்கு அதுவே சரியான சொல், பிழை என்று யாரும் சொல்வதில்லை.

இன்றைய புதிய கூட்டுச்சொற்கள்?

1947இல் அமெரிக்க அணு விஞ்ஞானிகளின் இதழ் ஒன்று அட்டையில் டூம்ஸ்டே கடிகாரத்தை வரைந்தது. முள் நள்ளிரவுக்கு ஏழு நிமிடம் முன்னால் நின்றது. கெட்ட செய்திகளையே விடாமல் கைபேசியில் தள்ளித் தள்ளிப் படிப்பதை டூம்ஸ்க்ரோலிங் என்கிறார்கள்; 2020இல் பெருந்தொற்றின்போது அந்தச் சொல் எங்கும் பரவியது. இவற்றில் தீர்ப்பு என்ற பொருள் சுத்தமாக இல்லை.

பழைய நூலைத் தமிழாக்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

முதலில் காலத்தைப் பாருங்கள். 1066க்கு முந்தைய நூல் என்றால் அழிவு, கேடு என்ற சொற்களைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். அரசன் பேசினால் சட்டம் அல்லது ஆணை, வழக்கு நடந்தால் தீர்ப்பு, வீரனைப் பற்றிய கவிதை என்றால் புகழ், பேரம் என்றால் விருப்பம். சாஸர் காலத்துக்குக் கருத்து என்பதும் பொருந்தும். ஷேக்ஸ்பியர் காலத்தில் தீர்ப்பும் முடிவும் கலந்திருப்பதால், இரண்டையும் தாங்கக்கூடிய ஒரு சொல் வேண்டும். விதி, விதித்தல் இரண்டையும் அங்கே துணிந்து பயன்படுத்தலாம். ரோமியோவின் கேள்வியை 'இளவரசர் என்ன விதித்தார்?' என்று எழுதினால் தண்டனையும் தலையெழுத்தும் ஒரே சொல்லில் கேட்கும். 17ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தையதாக இருந்தால் கேடு, அழிவு, முடிவு என்று போகலாம், ஆனால் ஸ்காட்லாந்து நீதிமன்றக் குறிப்பு கைக்கு வந்தால் மட்டும் மறுபடி தீர்ப்புக்குத் திரும்புங்கள்.